கழுதை மாமாவுக்குக் கொடுத்த குரல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலமாக இருக்கிறோம். நீயும் நலமாக இருக்க வேண்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த வேண்டுதலில் மாற்றம் இல்லை. தையல் கடையில் நாளெல்லாம் ஊசி பிடித்த விரல் பேனா பிடிக்க மறுப்பதால், நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். புத்தக வார்த்தை ஏதாவது தலைகாட்டினால் அது அவளுடையது, கோபம் மட்டும் என்னுடையது. சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. அவளுக்குத் தேர்வு நெருங்குகிறது, சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம்தான்.

போன வாரம் விளக்குக்காரர் வந்திருந்தார். அப்பாவின் ஆட்டங்களுக்கு விளக்குப் போட்டவர், அப்பா போன பிறகு பொம்மலாட்டத்தையே அவர்தானே நடத்துகிறார். "அண்ணி, நீங்க ஒரு தடவை வந்தே ஆகணும், உங்களுக்கு ஒரு அதிசயம் வச்சிருக்கேன்" என்று வாசலிலேயே நின்று சொன்னார். உன் தங்கையின் பள்ளிக்கூடத்தில்தான் ஆட்டம். பெரிய கூடம், தரையெல்லாம் பிள்ளைகள், நாங்கள் பின்னால் மடக்கு நாற்காலியில். திரை விலகியது. அப்பா செய்த கழுதைப் பொம்மை, நம் கழுதை மாமா வந்தார், நான் தைத்துக் கொடுத்த அதே கட்டம் போட்ட கோட்டு, ஒரு பொத்தான் மட்டும் மாறியிருந்தது. வாயைத் திறந்தார். அப்பாவின் குரல். "யாருடா அவன், என்னைப் பார்த்துக் கழுதைன்னு மரியாதையில்லாமக் கூப்பிட்டவன்? கழுதை சார்னு சொல்லு!" பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். உன் தங்கை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திவிட்டது. பழைய பதிவு போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கரகரப்பு பழையது இல்லை, கடைசிக் காலத்துத் தொண்டை அது. அப்புறம் ஒரு இருமல், அதற்குப் பின்னால் உன் குரல்: "அப்பா, தண்ணி குடிச்சுட்டு இன்னொரு தடவை சொல்லுங்க. சீக்கிரம், அம்மா வர்ற நேரமாச்சு." அந்த ஒரு இடத்தை நீ வெட்டாமல் விட்டதை விளக்குக்காரர் கவனிக்கவில்லையாம். பிள்ளைகள் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள், ஒரு வாண்டு எழுந்து நின்று "அம்மா வர்றாங்க, அம்மா வர்றாங்க, ஓடு!" என்று கத்தினான். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடிந்து கேட்டபோது விளக்குக்காரர் பெருமையாகவே சொன்னார். தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் அப்பாவும் நீயும் பேசி வைத்துக்கொண்டு, நான் கடைக்குப் போன பிறகு தொலைபேசியில் அவர் பேசப் பேச நீ அங்கே பதிவு செய்து, வேண்டாததை வெட்டிவிட்டு இவருக்கு அனுப்பினாயாம். "டாக்டர் சுத்தமா பேசக் கூடாதுன்னு சொல்லலை அண்ணி, கொஞ்சமா பேசலாம்னுதான் சொன்னாரு. அந்தக் கொஞ்சத்தை அண்ணன் பொம்மைங்களுக்கு எடுத்து வச்சுட்டாரு." என்னிடம் சிலேட்டில் வேறு மாதிரி எழுதிக் காட்டினார் உன் அப்பா. ஒரு வார்த்தைகூடக் கூடாது, டாக்டர் உத்தரவு என்று. நான் நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? என் பேச்சைக் கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல வாய் வருமே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். பார்க்க வந்தவர்களைப் படியிலேயே திருப்பி அனுப்பினேன். சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் உன் தங்கையை மாடிப்படிக்கு விரட்டினேன். ஒரே அறையில் அவர் பசையும் காகிதக் கூழுமாக, நான் துணியும் நூலுமாக, இரண்டு ஊமைகள் போல உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால் வெந்நீர்க் குடுவை காலியாக இருக்கும். சொன்ன பேச்சைக் கேட்டுக் குடித்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன் பார், அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

பொம்மைகளுக்குக் குரல் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அவர் வேலை அது, அவர் உயிரும் அது. சொல்லியிருந்தால் குடுவையை நானே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. அம்மா அழுதுவிடுவாள், கெடுத்துவிடுவாள் என்று நினைத்தீர்களா? அவர் போய்விட்டார், அவரிடம் சண்டை போட முடியாது. நீ இருக்கிறாய். அடக்கம் முடிந்து உன் தோளில் தலை வைத்துக்கொண்டு, அப்பா குரலே மறந்துவிடும் போலிருக்கிறது என்று நான் அழுதபோது நீ என் முதுகைத் தடவினாய். அப்போதும் சொல்லவில்லை.

உன் தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். எழுதடி என்கிறேன்.

குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. சமாதானம் சொல்ல அவசரப்பட்டுத் தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் செய். கழுதை மாமா பேசியது, காக்காப் பொம்மை பேசியது எல்லாம் விளக்குக்காரரிடமே இருக்கட்டும். அவற்றுக்கு நடுவில் வேண்டாம் என்று நீ வெட்டி எடுத்தாயே, இருமல், தண்ணீர் விழுங்கும் சத்தம், உன்னிடம் மணி என்ன என்று கேட்டது, என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும், அதையெல்லாம் எனக்கு அனுப்பு. நான் துணி வெட்டுகிறவள், வெட்டுத் துண்டை நான் எறிந்து நீ பார்த்ததில்லை. என்னைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அப்படியே எழுது. இனி எனக்காக எதையும் மறைக்காதே.

நல்லபடியாக இரு, நீண்ட ஆயுளோடு இரு. அனுப்ப மறந்துவிடாதே.

இப்படிக்கு,
நீ சொன்ன அந்த நேரத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த
உன் அம்மா