தலை பின்னும் கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? நான் நலம். அறையில் எல்லோரும் தூங்கிவிட்டதால் போர்வைக்குள் எழுதுகிறேன்.

வலது கை சரியில்லாத நான் விடுதியில் தனியாகச் சமாளிக்கிறேனா என்று பார்க்க இன்று ஓர் அக்கா வந்தார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் ஒரு படிவத்தில் ‘தானாக’ என்ற கட்டத்தில் குறித்தார். “தலை யாரு பின்றது?” என்றதும் வாய் தவறி “அம்மா” என்றேன்.

“தினமும் பஸ் ஏறி வந்து பின்னிட்டுப் போறாங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அடுத்த வாரம் பின்னிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பயமாக இருக்கிறது. “ஆடாம இருடி” என்று நீ முழங்காலுக்குள் என்னை இறுக்கிக்கொண்டு பின்னுவதை நினைத்து நினைத்து, இடக்கையால் பழகுகிறேன்.

இறுக்கமான ரப்பர் பேண்டு நான்கு அனுப்பு. முடியை வெட்டிவிட்டால் தொல்லையில்லை என்கிறார் வார்டன். வெட்டிவிட்டால், லீவுக்கு வரும்போது நீ எதைப் பின்னுவாய்?

யாரோ வருகிறார்கள்.

உன் மகள்