ஐந்தாவது ஆணியில் ஒரு ஹெல்மெட்

8.11.91, வெள்ளி
காலையிலிருந்து தூறல். வாய் மூடியிருந்தது போதும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஹெல்மெட் இல்லாமல் எங்கள் தொழிற்சாலைக்குள் பைக் நுழையக் கூடாது. விதியை எழுதியவன் நான். ஆனால் பாதுகாப்பு அதிகாரி நாற்காலி கிடைத்தது ராமநாதனுக்கு (இனி ரா.). நம் ஆட்கள் கண்ட வழி: கேட்டுக்கு எதிரே காதர் பாயின் பஞ்சர் கடை. சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கொரு ஹெல்மெட். வீட்டிலிருந்து ஆவடியில் கேட் வரை வெறுந்தலை. கடையில் எடுத்து மாட்டிக்கொண்டு இருபது அடி தாண்டி உள்ளே. மாலையில் மறுபடி ஆணியில்.

எங்கள் தொழிலாளி ஆரோக்கியம் செப்டம்பரில் செத்ததும் இப்படித்தான். வீடு மாங்காடு. வேலைக்கு வரும் வழியில் சென்னீர்குப்பத்தில் லாரி. அப்போது அவன் ஹெல்மெட், வெள்ளைச் சிலுவை வரைந்தது, ஐந்தாவது ஆணியில். பார்த்தேன். விபத்து அறிக்கையில்: ‘தலைக்கவசம் அணிந்திருந்தார்.’ அப்படி எழுதச் சொன்னது ரா. எழுதியது என் கை. சாட்சிக் கையெழுத்தும் எனது.

9.11, சனி
குடையை மறந்தேன். கேன்டீனில் டேவிட். ஆரோக்கியத்தின் தம்பி, லேத் பிரிவு. அண்ணன் பைக்கை இப்போது ஓட்டுவது இவன்தான். ஹெல்மெட் கிடையாது. பைக்கை வெளியே மரத்தடியில் விட்டு நடந்து வருகிறான். ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

“இன்னா சார் ஹெல்மெட்டு? எங்கண்ணன் போட்டுகினுதானே செத்தான்? நீங்களே எழுதிக்கீறீங்க.”

பக்கத்து மேசை: “அத்த மாட்னாத்தான் எமனுக்கு அடையாளமே தெரியும் மாமே!” சிரிப்பு.

இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

11.11, திங்கள்
வெயில். சைக்கிள் பஞ்சர். பாய் இப்போதுதான் கடை திறந்தார், நேற்று விடுமுறை. மற்ற ஹெல்மெட்டுகள்மேல் புழுதி. சிலுவை போட்டதில் இல்லை. உள்பஞ்சு ஈரம். தேங்காயெண்ணெய் வாடை.

“யாரு பாய் இத போட்றது?”

“யாரும் தொட மாட்டாங்க சார். நானே தொட்றதில்ல. தெனம் காலைல ஈரமாத்தான் கீது.”

கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். இல்லை.

12.11, செவ்வாய்
வாங்க: பி.பி. மாத்திரை, பிளேடு, தபால் உறை.

கேட் பதிவேட்டில் 7.50க்கு ஆரோக்கியத்தின் வண்டி எண். உள்ளே.

காவலாளி: “டேவிட்டாத்தான் இருக்கும் சார். சிலுவ போட்ட ஹெல்மெட்டு. கண்ணாடிய எறக்கி வுட்டிருந்தான், மூஞ்சி தெரில.”

8.20க்கு டேவிட் மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். வெறுந்தலை. நெற்றியில் சிராய்ப்பு.

“இப்பத்தான் சார் வரேன். அதே சென்னீர்குப்பம். லாரிக்காரன் ஒரசிட்டுப் பூட்டான். தப்பிச்சேன்.” சிரிக்கிறான்.

பாய் கடைக்கு ஓடினேன். ஐந்தாவது ஆணியில்தான் இருந்தது. உள்ளே கை விட்டேன். சூடு. இப்போதுதான் ஒரு தலை கழற்றி வைத்ததுபோல.

13.11, புதன்
லீவு. டேவிட்டுக்குக் கடிதம், ஏழு வரி. உன் அண்ணன் அன்று ஹெல்மெட் போடவில்லை, அறிக்கை பொய், நீ போடு. ரா. சொல்லித்தான் அந்தப் பொய் என்றும் சேர்த்தேன். நாற்காலிக்கான பழிதான். அறிக்கையை எழுதியவன் நான் என்ற வரியை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்தேன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்; அதனால் எழுத்துகளைத் தனித்தனியாக, குழந்தை எழுதுவதுபோல் வேறு தாளில் எழுதினேன். பெயர் போடவில்லை. போட்டால் வேலை போகும். நாளையும் மறுநாளும் அவன் அந்த வழியாகத்தான் வருவான். உறையில் ஆவடி முத்திரை விழாமலிருக்கப் பூந்தமல்லிக்குப் போய், மூன்று மணித் தபால் எடுக்குமுன் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.