'ஸ்டிங்க்' என்ற சொல்லும் என் மேசையும்

மார்ச் 4
மூன்று வார விடுப்புக்குப் பிறகு இன்று அகராதி அலுவலகம். காய்ச்சல் போய்விட்டது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பூவும் தெரியவில்லை, பினாயிலும் தெரியவில்லை. "தானா வரும், பொறுமையா இருங்க" என்கிறார் டாக்டர். எப்போது என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்.
ஆசிரியர் இன்று பொருள் எழுதக் கொடுத்த ஆங்கிலச் சொல் 'ஸ்டிங்க்'. துர்நாற்றம். ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்!

மார்ச் 5
ஏழு வருடமாக என் பக்கத்தில் உட்காரும் பிழைதிருத்துபவர், நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். "இங்க வெளிச்சம் நல்லா இருக்குங்க." வெளியே ஒரே மேகமூட்டம்.

மார்ச் 7
தட்டச்சு செய்யும் பெண் என் மேசையில் ஒரு சோப்பை வைத்தாள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம் மேடம்." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் பார்த்தேன்.
அப்படியென்றால்... நானா?

மார்ச் 8
மூன்று முறை குளித்தேன். சேலையை முகர்ந்தேன். எனக்கு என்ன தெரியப்போகிறது? குருடி கண்ணாடி பார்த்த கதைதான்.

மார்ச் 9
வெட்கத்தை விட்டு மகளிடம் கேட்டேன். கழுத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.
"அம்மா வாசம்தாம்மா வருது. போம்மா, எனக்குப் பரீட்சை."
நம்ப முடியவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. குஞ்சுக்கு மட்டும் காக்கை கறுப்பாகவா தெரியும்?

மார்ச் 11
'ஸ்டிங்க்'கின் பூர்வீகத்தைத் தேடினேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அது கெட்ட சொல்லே இல்லை. எந்த மணம் வீசினாலும் அந்தச் சொல்தான், பூவுக்கும் அதுவே. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். நம் 'நாற்றம்' மட்டும் என்ன? பழைய பாடல்களில் அதுவும் நறுமணம்தானே. இன்று யாரையாவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், அடி விழும்.
பாவம் அந்தச் சொல். அது என்ன தப்பு செய்தது? நான்தான் என்ன தப்பு செய்தேன்? வாயைத் திறந்து ஒருத்தராவது சொல்லித் தொலைக்கக் கூடாதா!
எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும். 'அவள் மேல் நாற்றம் வீசியது' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

மார்ச் 12
ராஜினாமாக் கடிதம் எழுதியாயிற்று. நாளை கொடுத்துவிடுவேன்.

மார்ச் 13
கண்ணில் இன்னும் தண்ணீர் வருகிறது. சிரித்துச் சிரித்துத்தான்.
கடிதத்தைக் கொடுக்குமுன் மேசையைக் காலி செய்ய உட்கார்ந்தேன். அடி இழுப்பறையை முழுதாக வெளியே உருவியதும் ஜன்னலோரத்திலிருந்து ஓர் அலறல்: "ஐயோ, இதுதாங்க! இதேதான்!" மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார் பிழைதிருத்துபவர்.
மூலையில் என் பசை டப்பா! கடைப் பசை தாளைச் சுருக்கிவிடும் என்று, திருத்தச் சீட்டு ஒட்ட நானே மைதாவில் காய்ச்சி வைத்தது. விடுப்புக்கு முதல்நாள் வைத்ததை மறந்தே போனேன். பச்சையும் கறுப்புமாக நுரைத்திருந்தது. இழுப்பறை பூட்டிக் கிடந்தவரை வாடை வெளியே வரவில்லை. நான் வந்து, சீட்டு எடுக்க அதைத் தினமும் திறந்து திறந்து மூடியிருக்கிறேன்.
"உங்க மேலன்னு நெனச்சிட்டோம் மேடம். காய்ச்சல் மருந்தோன்னு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல." தட்டச்சுப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.
"எனக்கு மூக்கு போயிடுச்சுன்னு நானும்தான் உங்ககிட்டச் சொல்லல" என்றேன். சொன்னதும் எனக்கும் அழுகை வந்தது. அப்பாடா! நான் இல்லை, நான் இல்லை, பசை!
கடிதத்தைக் கிழித்து டப்பாவோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 20
மூக்கு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.
'ஸ்டிங்க்' அச்சுப்படி இன்று திரும்பி வந்தது. நான் கொடுத்த எடுத்துக்காட்டு: 'இழுப்பறையைத் திறந்ததும் நாற்றம் குடலைப் புரட்டியது.' ஓரத்தில் பிழைதிருத்துபவரின் பென்சில்: 'பிழை இல்லை. நேரில் கண்டது.'
அதை எழுதிவிட்டு, பக்கத்து நாற்காலியிலிருந்தே கை நீட்டிக் கொடுத்தார்.