லியோனியின் முளையில் மாட்ட ஒரு துப்பாக்கி

ஓக் மேடு, தெற்கு லூசியானா
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

என் கண்ணு லியோனிக்கு,

பாட்டி எழுதுகிறேன். வீட்டுக்குள் வெள்ளத் தண்ணீர் இல்லை, கூரை அதன் இடத்தில் இருக்கிறது, எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறை இல்லை. அந்த அரிசோனா மணலில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதிகள். உன் பெரியப்பா மகன் ரெமி இழுவைப் படகில் துணைக் கேப்டன் ஆகிவிட்டான். தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தான், நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தங்கை செலஸ்தீன் நர்ஸ் படிப்பை முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தாள். "ஏறியிருக்கே பாட்டி" என்றாள். "உன்னைப் பார்த்த பெருமையிலதான் ஏறியிருக்கு, இறங்க வேணாம், இருக்கட்டும்" என்றேன். அவர்கள் தம்பிகள், இரட்டைப் பிள்ளைகள் இருவரும், ஊதுகுழலில் வாத்து மாதிரிக் குரல் எழுப்பும் போட்டிக்குப் போனார்கள். பாஸ்காலுக்கு முதல் பரிசு, ஜூல்ஸுக்கு இரண்டாவது. நடுவருக்குக் காது மந்தம் என்று ஜூல்ஸ் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று இதையெல்லாம் வரிசையாகச் சொல்வேன். யாரும் கேட்காமலேதான். உன் முறை வரும்போது, லியோனி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள், ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள் என்று சொல்லி நிறுத்த வேண்டியதாகிவிடுகிறது. உன் அம்மா போனில் சொன்னது அவ்வளவுதான். போன வாரம் பூசைக்கு வந்திருந்த எர்மா விடவில்லை. "எவ்வளவு தூரம் ஓடுறா?" என்று கேட்டாள். "ரொம்ப தூரம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சதுப்பில் நம் வேட்டைக் குடிலைப் பையன்கள் திரும்பக் கட்டிவிட்டார்கள். புயல் கொண்டுபோனதைவிட இது நன்றாகவே இருக்கிறது, கொசுவலை கிழியவில்லை. முன்பு உன் தாத்தா செய்தது போலவே சுவர் நெடுகத் துப்பாக்கி மாட்ட மரமுளை அடித்து, ஒவ்வொன்றின் மேலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு பெயர் சுட்டிருக்கிறான் ரெமி. கடைசியில் உன் பெயர். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தது. அந்த முளை வெறுமையாக இருப்பதைப் பார்த்து ஜூல்ஸ் தன் ஈரக் கோட்டை அதில் மாட்டிவிட்டான். எடுத்து வெளியே எறிந்தேன். "வெறும் முளைதானே பாட்டி?" என்றான். "அப்போ உன் முளையில மாட்டு" என்றேன்.

உன் அப்பா க்ளோவிஸின் துப்பாக்கியை உனக்கென்று எடுத்து வைக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் புயல் தண்ணீர் வடிகிற வரை அது உப்புச் சேற்றில் கிடந்தது உனக்குத் தெரியும். ரெமி எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தான். துப்பாக்கிக் கடை சிட்னியிடம் எடுத்துப் போனோம். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "உள்ளே துரு தின்னு அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும்மா. க்ளோவிஸோடதுன்னு சுவத்துல மாட்டுங்க. சுட மட்டும் யாருகிட்டயும் கொடுக்காதீங்க" என்றார். உன் அப்பாவுக்கு நல்ல நண்பர் அவர். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. புனிதர் அனைவரின் திருநாளுக்குக் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போகும்போது உன் அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொள்வேன்.

அதனால் புதிதாக ஒன்று பார்க்கப் போனேன். பதினெட்டு ஆனவர்களுக்கு இந்த வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு, உனக்கும் ஆகிவிட்டது. என் இறால் உரிக்கிற காசுக்குள் அடங்க வேண்டும். காலையில் வாத்துக்கும் சாயங்காலம் மானுக்கும் ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும். சிட்னி முதலில் கடல் தாண்டி வந்த ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளுமாம், விலையும் அதிகமில்லை. "சேத்துல விழுந்து எழுந்தா ஏறுமா?" என்று கேட்டேன். "கழுவினா ஏறும்" என்றார். கழுவுகிற வரை வாத்து காத்திருக்குமா? வேண்டாம் என்றேன். அடுத்து இரட்டைக் குழல். பார்க்க அழகு, பிடியில் பூ செதுக்கியிருந்தது. ஆனால் குழல் மாற்ற வராது, விலையைக் கேட்டதும் ரெமி இருமினான்.

மூன்றாவதுதான் நமக்கு ஏற்றது. ஒரு மீன்பிடிக்காரர் விற்றுவிட்டுப் போனது, இரண்டு வேட்டைப் பருவம்தான் ஓடியிருக்கிறது. குழலுக்குக் கீழே இருக்கிற முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினால் தோட்டா ஏறும், சேறானாலும் உப்பானாலும் கையால் இழுத்தால் வந்தாக வேண்டும். கூடவே இரண்டு குழல். நீளமானது வாத்துக்கு. ஈயக் குண்டு கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ காலமாகிறது, இது இரும்புக் குண்டைத் தாங்கும். குட்டையானது மானுக்கு, அதில் குறி பார்க்க முனை வைத்திருக்கிறது, ஒற்றைக் குண்டு போட வேண்டும். மாற்றுவதற்கு ஒரு திருகைக் கழற்றினால் போதும், நானே கழற்றி மாட்டினேன். பிடி மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக். பொம்மை மாதிரி இருக்கிறதே என்றேன். மரமென்றால் நம் தண்ணீரில் ஊதிப்போகும் என்று ரெமி சொன்னான், சரிதான்.

அதில் எனக்குப் பிடித்த இன்னொன்று, தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கிற பூட்டுப் பொத்தான் மேலே நடுவில் இருக்கிறது. வலக்கைக்காரர் இடக்கைக்காரர் இருவருக்கும் பெருவிரலுக்கு எட்டும். உன் அப்பா இடக்கைக்காரன். நீ எந்தக் கை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பிறகுதான் அது நடந்தது. பிடி ஆளுக்கு ஏற்ற நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோளில் சரியாக உட்காராது, கன்னத்தில் அடிக்கும். பிள்ளை எவ்வளவு உயரம் என்று சிட்னி கேட்டார். இதற்கென்றே குளிர்பெட்டிக் கதவிலிருந்த உன் படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். அதைக் காட்டி, என் மார்பு உயரத்துக்குக் கையையும் வைத்துக் காட்டினேன். "அட, குட்டிப் பொண்ணா" என்று சிட்னி உள்ளே போய், சிறுபிள்ளைகளுக்கு மாட்டுகிற குட்டைப் பிடியைக் கொண்டுவந்தார். நானும் சரி, இதுதான் அளவு என்று காசு எடுக்கப் பையைத் திறந்துவிட்டேன்.

ரெமிதான் என் கையைப் பிடித்தான். "பாட்டி, அவ இப்போ என் உயரம் இருப்பா" என்றான்.

சிட்னி குட்டைப் பிடியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ரெமி ரேடியோவைப் பாட விட்டான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தன் போனில் உன் படம் ஒன்றைத் தேடிக் காட்டினான். ஓடுகிற உடுப்பில், முடியை இறுக்கக் கட்டி, யார் பக்கமோ திரும்பிச் சிரிக்கிறாய். சிரிப்பு உன் அப்பாவுடையது. நன்றாகப் பார்ப்பதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் போனால் நீயும் அவன் சட்டைப்பையில் போய்விடுகிறாய். அந்தப் படத்தை நான் எங்கே மாட்டுவது?

உன் அம்மா உன்னை அங்கே கூட்டிப்போனதில் எனக்கு வருத்தமில்லை என்று அவளிடம் சொல். தண்ணீர் உள்ளே வந்த வீட்டில், புருஷனும் போன பிறகு யார்தான் தூங்குவார்கள்? அவளுக்கு அந்த மணல் தூக்கம் கொடுத்திருக்கிறதென்றால் சந்தோஷம். வாத்துப் பருவம் நவம்பர் நடுவில் திறக்கிறது, மானும் அப்போதுதான். நான் வா என்று எழுதவில்லை. உனக்குப் படிப்பு இருக்கும், ஓட்டம் இருக்கும். முதல் நாள் எப்போதும் போல வாத்துக் குழம்பு, நம் கம்போ, ஒரு பெரிய பானை வைப்பேன், அதில் ஒரு தட்டு கூடினாலும் குறைந்தாலும் தெரியப்போவதில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

சிட்னி அந்தத் துப்பாக்கியை யாருக்கும் விற்காமல் எடுத்து வைத்திருக்கிறார். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை எத்தனை அங்குலம் என்று போனில் சொன்னாலே போதுமாம். போதாது என்று சொல்லிவிட்டேன். அங்குலம் சொன்னால் கழுத்து தெரியுமா, தோள் தெரியுமா, கன்னத்தை எப்படிச் சாய்க்கிறாய் என்று தெரியுமா? அதனால் உயரம் தெரிகிற மாதிரி ஒரு கதவோரமாக நின்றுகொள். துடைப்பமோ தடியோ எதையாவது துப்பாக்கி மாதிரி தோளில் வை, உனக்குச் சௌகரியமான கை எதுவோ அந்தக் கையால். அம்மாவிடம், நீ தலையிலிருந்து கால் வரை விழுகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல். முகத்தைத் துடைப்பம் மறைக்க வேண்டாம்.

மாதா உன் கால்களுக்குத் துணை இருக்கட்டும், எவ்வளவு தூரம் ஓடினாலும். படத்தை போனில் அனுப்பாதே கண்ணு. காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு. குளிர்பெட்டிக் கதவில் பழையதைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டு வைத்திருக்கிறேன். இப்போது நீ எவ்வளவு உயரம் என்று தெரியாததால், நிறையவே இடம் விட்டிருக்கிறேன்.

உன் பாட்டி,
யூலாலி