கரைய மறுத்த மருந்து

இன்று காலை ஐரோலியில் நம் மருந்து ஆய்வகத்தின் கதவைத் திறந்ததும் அசிட்டோன் வாடை முகத்தில் அடித்தது. "நெயில் பாலிஷ் கடைக்குள்ள வந்த மாதிரி இருக்குல்லா?" என்று நீ சிரிப்பது காதில் விழுந்தது. நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது.

நான் மாட்டுங்காவில் ரயில் ஏறுவேன், நீ சயானில். தாராவி வீட்டில் உன் அக்காவுக்கு வலிப்பு. மூன்று வேளையும் மாத்திரை. போட்டதும் தலை சுற்றும். மதிய மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போனால் தையல் மெஷின் மேலேயே விழுந்துவிடுவாள். அதனால்தான் வலிப்புக்கான அந்தப் புது மருந்து நம் மேசைக்கு வந்தபோது, உனக்கு அது வெறும் ஆபீஸ் வேலையாக இருக்கவில்லை.

வீரியமான மருந்துதான். ஆனால் தண்ணீரில் போட்டால் மணல் மாதிரி அடியில் கிடக்கும். கரையாத மருந்து ரத்தத்தில் எப்படிச் சேரும்? பாலிமரோடு சேர்த்து அசிட்டோனில் கரைத்து, சூடான காற்றில் தெளித்து, நொடியில் உலர்த்தினோம். மூலக்கூறுகளுக்கு வரிசைகட்டிப் படிகமாக நேரமே கிடைக்கவில்லை. அந்தப் பொடி அழகாகக் கரைந்தது. பிறகு ஜூலை வந்தது. மும்பையின் ஈரத்தைக் குடித்துப் பொடி மறுபடி படிகமாகி, கரைய மறுத்தது. "பஸ், பந்த் கரோ," என்று மேலாளர் இத்தோடு விடச் சொன்னார்.

நான் அழுதேன். நீயோ மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. "ஏட்டி, இங்க வந்து பாரு. எவ்வளவு அழகா அடுக்கி வச்சிருக்கு! ஈரந்தான் இதுக்கு வழி விடுது. ஈரம் குடிக்காத பாலிமரா பாப்பம்." நம்மைத் தோற்கடித்ததையே நீ வாய்பிளந்து ரசித்துக்கொண்டிருந்தாய்.

மேலாளரிடம் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கினாய். புதிய பாலிமர் மழை முழுக்கத் தாங்கியது. ஒரு மாத்திரை நாள் முழுக்கத் தாங்க வேண்டுமென்று, தண்ணீர் பட்டால் கூழாகும் செல்லுலோஸையும் கலந்து மாத்திரையாக்கி, உடல்சூட்டில் வைத்த நீரில் போட்டோம். மாத்திரை மெல்ல உப்பியது. அதைச் சுற்றிப் பளிங்குபோல ஒரு கூழ் மூடியது. அதன் வழியே மருந்து அவசரமில்லாமல் வெளியேறியது. அது வெளியேறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் எடுத்த நீரில் மருந்தின் அளவு மட்டும் சீராக ஏறிக்கொண்டே போனது. இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "மூச்சு விடுத மாதிரில்லா விடுது," என்றாய், கோயிலில் பேசுவதுபோல.

அந்த மாத்திரை கடைக்கு வருவதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. போன மாதம் அக்காவைப் பார்த்தேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "காலையில உங்க மாத்திரை ஒண்ணு போட்டா ராத்திரி வரைக்கும் தாங்குதும்மா. இப்பல்லாம் விழுததே இல்ல. அவ உள்ள இருந்து பாத்துக்கிடுதா."

இன்று மாலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன மாத்திரையோ, யார் செய்ததோ. இந்நேரம் அவளுக்குள் அது நனைந்து, இளகி, தன் வேலையைத் தொடங்கியிருக்கும். என் ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.