கறுப்பு வெள்ளைதானுங்களே

பாய்,

உங்கள் சட்டை பச்சை என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கணபதியில் எங்கள் பம்ப் பட்டறை வாசலில், ஒரு கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டு, ஃபோனில் உங்கள் படத்திலிருந்து கறுப்பு வெள்ளை ஃபில்டரை எடுத்தேன். சட்டைக்குப் பச்சை வந்தது. பின்னாலிருந்த கதவுக்கு நீலம் வந்தது. உங்கள் கண்களுக்கு மஞ்சள் வந்தது. டீ புறங்கையில் கொட்டிவிட்டது. சுட்டதுகூட எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

உங்கள் மகள் கேட்டுத்தான் எடுத்தேன். அதற்கு முதல் நாள் கடையிலிருந்து ஃபோன் பண்ணியிருந்தாள். "மாமா, அத்தா படம் கலர்ல ஒண்ணாச்சும் இருக்குங்களா? எதைப் பாத்தாலும் கறுப்பு வெள்ளையாவே இருக்குது. அத்தா மொகத்தோட நெறமே மறந்துபோயிருமோன்னு பயமா இருக்குதுங்க."

நாங்கள் கலரில் எடுத்ததே இல்லை கண்ணு என்றேன். அவள் சிரித்தாள். ஃபில்டரை எடுத்தால் உள்ளே கலர் அப்படியே இருக்கும் மாமா, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருசம் ஊரைச் சுற்றினீர்கள் என்றாள். தெரியாதே பாய். நம் இருவருக்குமே தெரியாது. நம் ஃபோனுக்குள் நிறம் நுழைந்ததே இல்லை என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்போம்.

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. பெரிய கடை வீதியில் மேட்சிங் கடை வைத்திருக்கிற மனுசன். பெண்கள் புடவையைக் கொண்டுவந்து விரிப்பதும், அதற்குச் சேர்கிற ஜாக்கெட் துணியையும் நூலையும் நீங்கள் எடுத்துப்போடுவதுமாகவே வாரம் முழுக்க ஓடும். அரை மாற்றுக் குறைந்தாலும் கொடுக்க மாட்டீர்கள். "ட்யூப்லைட்டை நம்பாதீங்க அம்மணி, வெளிச்சத்துக்கு வாங்க" என்று துணியையும் நூலையும் வாசலுக்கே தூக்கிப்போய்ப் பிடித்துக் காட்டுவீர்கள். முதன்முதலில் ஃபோனோடு என்னுடன் கிளம்பிய அன்று சொன்னீர்கள்: "ஆறு நாளும் கலரு கலருன்னு கண்ணு அவிஞ்சு போவுதுங்க மாப்ளே. ஞாயித்துக்கெழம ஒரு நாளாச்சும் அதுக்கு லீவு உடோணும்."

அப்படித்தான் நம் வழக்கம் வந்தது. டவுன்ஹால் பக்கம் சந்தித்ததும் முதல் வேலையாக ஃபோன் திரை முழுவதையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, கேமராவிலும் கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டுவிட வேண்டும். வீடு திரும்பும்வரை எல்லாம் வெளிச்சமும் நிழலும்தான். சுண்ணாம்புத் தூண், இரும்புக் கம்பி போட்ட மாடி வராந்தா, பூட்டிய கடைகளின் ஷட்டர், தலைக்குமேல் சிக்கிக் கிடக்கும் கரண்ட் கம்பிகளின் நிழல். கட்டடத்தோடு ஓர் ஆள் நின்றால்தான் அதன் உயரம் தெரியும் என்று நான் சொல்லப்போக, அந்த ஆள் எப்போதும் நீங்களே ஆகிவிட்டீர்கள். உக்கடம் மேம்பாலத் தூணடியில் கட்டைவிரல் அளவுக்கு நிற்கிறீர்கள். ராஜ வீதிச் சந்தில் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்களை வைத்துத்தான் நான் இந்த ஊரையே அளந்திருக்கிறேன்.

போன மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் பட்டால் கறுக்கிற கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினீர்கள். பெண் பார்க்கக் கிளம்பிவிட்டீர்களா என்று கேலி செய்தேன். "டாக்டரு போடச் சொல்லிப்போட்டாருங்க, கண்ணுல பொரை வருதாமா" என்றீர்கள். நம்பினேன். இளைத்திருக்கிறீர்களே என்று கேட்டதற்கு, "நடக்கறமில்லீங்க" என்றீர்கள். அதையும் நம்பினேன்.

கடைசியாக எடுத்த படம்தான் இது. அந்த ராஜ வீதிச் சந்தில், நீலக் கதவு வைத்த மாடி வீட்டுப் படியில் நீங்கள் நிற்கிறீர்கள். எதிர்ச்சாரியில் நான். உங்கள் கண்ணாடியில் வானம் வெள்ளையாக அடித்தது. கழற்றுங்கள் பாய் என்று கத்தினேன். கையைக் கண்ணாடிவரை கொண்டுபோனீர்கள். அங்கேயே நிறுத்திக்கொண்டீர்கள்.

"கறுப்பு வெள்ளைதானுங்களே மாப்ளே?"

"பின்ன வேற என்னத்த எடுக்கப்போறனுங்க? கழட்டுங்க."

கழற்றினீர்கள். நேராக என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ சாம்பல் நிறத் திரையை. ரோட்டைக் கடந்து உங்களிடம் வருவதற்குள் கண்ணாடி பழையபடி ஏறிவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் உங்களை அடக்கம் செய்த ஜனாஸாவில் நின்றேன். ஈரலில் ஏதோ என்றார்கள். திடீரென்று என்றார்கள்.

திடீரென்றா? பட்டறை வாசலில் நின்று அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தன மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் இன்னொரு மஞ்சளைக் கண்டுபிடித்து எடுத்துப்போடுகிற ஆள் நீங்கள். முகம் கழுவும்போது கண்ணாடியில் எதைத்தான் பார்த்தீர்கள்? எனக்கு முதலில் அழுகை வரவில்லை பாய், கோபம்தான் வந்தது. இந்தப் படத்தை அந்தப் பெண்ணிடம் எப்படிக் காட்டுவது? கலரில் அத்தாவைக் கேட்ட பிள்ளைக்கு இதையா கொடுப்பது? கலர் வரவில்லை என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துகொண்டு, மறுநாள் கடைக்குப் போனேன்.

நீங்கள் உட்கார்ந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பொய்யைத் தொடங்கியதுமே கையை நீட்டினாள்.

"ஃபோனைக் குடுங்க மாமா. கண்ணு மஞ்சளா இருக்கும். அதுக்குத்தானுங்களே?"

ஃபோனை அவள் முன்னால் வைத்தேன். அவள் நூல்கட்டைகள் அடுக்கிய டப்பாவைக் காட்டினாள்.

"ஒரு நா கடைய அடைக்கற நேரமுங்க. அத்தா இதுலருந்து மஞ்ச நூலா எடுத்து எடுத்து, அந்தக் கண்ணாடி முன்னால நின்னு, கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு வெச்சுப் பாத்துட்டிருந்தாரு. ஒண்ணும் சேரல. கடேசியா ஒரு கட்டைய வெச்சுப்போட்டு, 'இது சேந்துபோச்சு கண்ணு'ன்னாரு. வெளையாட்டுன்னு நெனச்சு நானும் சிரிச்சுப்போட்டேன் மாமா. அப்பறந்தான் அவரு கண்ணைப் பாத்தேன்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனீர்களாம். ரொம்பத் தள்ளிப்போய்விட்டது என்றார்களாம். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் என்னோடு நடந்திருக்கிறீர்கள். ஸ்டூல் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவையோடு வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

"நானும் கேட்டேனுங்க. 'ஊட்ல எல்லாரும் என் கண்ணையேதான் பாக்கறீங்க. மாப்ளே ஒருத்தருதான் இன்னும் கட்டடத்தப் பாக்கறாரு. அவரையும் கெடுத்துப்போடாதே'ன்னுட்டாரு."

அப்புறம் அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்க்கவில்லை. உங்களைப் போலவே வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நெற்றி, தாடி, கண், எல்லாவற்றையும் பார்த்தாள். அத்தா சட்டை பச்சை கண்ணு, நான் மறந்தே போயிருந்தேன் என்றேன். தன் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டு என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் சொன்னாள்: "பச்சைன்னீங்களே மாமா. இது பிஸ்தாங்க."

திருத்திக்கொண்டேன் பாய். உங்கள் சட்டை பிஸ்தா.

இன்று ஞாயிறு. தனியாகத்தான் போனேன். டவுன்ஹால் பக்கம் நின்று திரையைச் சாம்பலாக்கிக்கொண்டேன். கை தானாகவே அதைச் செய்தது. அந்தச் சந்தில், அந்த வீட்டின் எதிர்ச்சாரியில் நின்று படம் எடுத்தேன். கதவு இருக்கிறது, படி இருக்கிறது, கம்பி நிழல்கூட அதே இடத்தில் விழுந்திருக்கிறது. கதவு எவ்வளவு உயரம் என்றுதான் படத்தில் தெரியவில்லை.

ஒரு டீயை வாங்கிக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்து உங்கள் படத்தைத் திறந்தேன். மகளிடம் கலர் இருக்கிறது, அது அவளுக்கு வேண்டியது. என்னிடம் இருப்பதற்கு ஃபில்டரை மறுபடி போட்டுவிட்டேன். சட்டை சாம்பலானது, கதவு சாம்பலானது, உங்கள் கண்களும் சாம்பலாயின. கறுப்பு வெள்ளைதானே என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொன்னேன். அதை நம்பித்தானே பாய் கழற்றினீர்கள்.