நெஸ்டரின் முழங்கால்

14.8.86, வியாழன்

சவுதியிலிருந்து மச்சான் கடிதம் வந்தது. நான் அங்கே வேலை செய்தபோது என் அறையில் இருந்த நெஸ்டருக்கு இனிமேல் ஆட்டமே கிடையாதாம். மணிலாவில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவன். டீமை மூடிவிட்டதால் கிரேன் ஓட்ட வந்தான். எங்களிடம் தமிழும் கற்றான். போன வருடம் வேறொரு டீம் அவனைக் கூப்பிட்டது. ஊருக்குப் புறப்பட மறுநாள் விமானம்.

அன்று ராத்திரி அறையில் நான்தான் சீண்டினேன். “இன்னாடா பனமரம், அந்த ஃபேன் கொக்கியத் தொடு பாப்பம்!”

“சரி அண்ணே” என்று வேலை பூட்ஸோடு எகிறினான். தொட்டுவிட்டான். இறங்கும்போது முழங்கால் திரும்பிவிட்டது.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறானாம். மச்சானும் அப்படியே எழுதியிருக்கிறான்.

“லெட்டர்ல இன்னா? கேலி பேசுற வாய் மூடிக்கிச்சே” என்றாள் என் மனைவி பாத்திமா.

“நெஸ்டர் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து, கால் போச்சாம்.”

“அய்யோ, யாரு பெத்த புள்ளையோ” என்று கையேந்தி துவா செய்தாள். எனக்கு ஆமீன் சொல்ல வாய் வரவில்லை.